துச்சாதனன் பார்த்த ரெஸ்லிங்

டபிள்யூ.டபிள்யூ.ஈ. எல்லாம் செட்டப்புன்னு உங்களுக்கு எந்த வயசுல தெரிஞ்சுது? எனக்கு நாலாவது படிக்கும்போது. டென் ஸ்போர்ட்ஸ்ல கேன் மாஸ்க்கோட நடந்து வந்தா போர்வைக்குள்ள ஒளிஞ்சுக்குற ஆள் நான். பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு நாள், "டேய், யாரு ஜெயிக்கணும்னு முன்னாடியே பேசி வெச்சுடுவாங்கடா"ன்னு சொல்லிட்டார். அன்னைக்கு ராத்திரி நான் சரியா சாப்பிடலை. உங்களுக்கும் இப்படி ஒரு அண்ணன் இருந்திருப்பார்.

இப்போ ஃபைனல் இயர். தினமும் திண்டிவனத்துலேர்ந்து விழுப்புரத்துக்கு பஸ். கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி டோல்கேட், முண்டியம்பாக்கம்னு ஏறக்குறைய ஒரு மணி நேரம். போன செமஸ்டர்ல ரெண்டு கம்பெனி இன்டர்வியூ சொதப்பினதுக்கு அப்புறம் பஸ்ல ஆப்டிட்யூட் வீடியோ பார்க்கவே பிடிக்கலை. சும்மா, கேன் ஆரம்பத்துல எங்கே ஆடினார்னு யூடியூப்ல தேடினேன். 1995-ல 'உனாபாம்'ங்கிற பேர்ல ஸ்மோக்கி மவுண்டன் ரெஸ்லிங்னு ஒரு சின்னக் கம்பெனியில இருந்திருக்கார். (அதே மனுஷன் 2018-ல டென்னசியில நாக்ஸ் கவுண்டி மேயரா ஜெயிச்சது தனிக் கதை.) கேனைத் தேடிப் போனவன், அந்த ஷோவை 1992-லேர்ந்து ஒவ்வொரு எபிசோடா பார்க்க ஆரம்பிச்சுட்டேன். ஒரு எபிசோட் முடியவும் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு வரவும் சரியா இருக்கும்.

முதல்ல பார்த்தா சிரிப்பு வரும். யாரோ வீடியோ கேசட்டுல பதிவு பண்ணது, அதனால ஓரமெல்லாம் கோடு கோடா ஓடும். வாணவேடிக்கை கிடையாது, பெரிய ஸ்கிரீன் கிடையாது. ஏதோ ஒரு ஹைஸ்கூல் ஜிம்முல ஒரு ரிங். சுத்தி நாற்காலி போட்டு உள்ளூர் ஜனம். முன் வரிசையில பாட்டிங்க, மடியில குழந்தைங்க. பாப் காடிலும் டச்சு மான்டெலும் ஏதோ ஊர்ப் பஞ்சாயத்து பேசுற மாதிரி கமென்ட்ரி சொல்றாங்க. நடு நடுவுல மல்லர்கள் வந்து, இந்த ஊருக்கு இந்தக் கிழமை வர்றோம், அவனை உதைக்கப் போறோம், தவறாம வந்துடுங்கன்னு கூப்பிடுறாங்க. நம்ம ஊர்ல மைக் கட்டின ஆட்டோ போற மாதிரியே இருக்கும்.

இதை நடத்தினவர் ஜிம் கார்னெட். 1991-ல ஆரம்பிச்சார். அந்தக் காலத்தை யோசிச்சுப் பாருங்க. 1989-லயே டபிள்யூ.டபிள்யூ.எஃப். நியூ ஜெர்சி மாநிலத்துல, 'இது நிஜப் போட்டி இல்லை, பொழுதுபோக்கு'ன்னு வெளிப்படையா ஒத்துக்கிச்சு. விளையாட்டுக்கான கட்டுப்பாட்டுலேர்ந்து தப்பிக்கத்தான். ரகசியம் வெளியே வந்தாச்சு. அதுக்கப்புறமும் இந்த ஆள் டென்னசி, கென்டக்கி மலையோர ஊர்களுக்குப் போய், எல்லாம் நிஜம்ங்கிற மாதிரியே பழைய பாணியில நடத்தினார். மல்லர்கள் இதுக்கு வெச்ச பேர் 'கேஃபேப்'. நல்லவன் பேபிஃபேஸ், கெட்டவன் ஹீல். ரெண்டு பேரும் ஒரே ஹோட்டல்ல சாப்பிடுறதை ஜனம் பார்த்துடக் கூடாது. ரிக் ரூபின்னு ஒரு பெரிய மியூசிக் புரொடியூசர் பணம் போட்டும் கம்பெனி 1995 கடைசியில மூடிட்டாங்க.

முதலாளியான கார்னெட்டே டிவியில ஹீல் கூட்டத்தோட மேனேஜர். பளபளன்னு ஒரு கோட், கையில டென்னிஸ் ராக்கெட், நிறுத்தாம ஓடுற வாய். ரெஃப்ரி திரும்பின நேரம் பார்த்து ராக்கெட்டால எதிராளி முதுகுல ஒண்ணு வைப்பார். ஜனம் கத்துற கத்துல லேப்டாப் ஸ்பீக்கரே கரகரங்கும்.

அந்தச் சத்தம் கேட்டுத்தான் ஒரு ஞாயித்துக்கிழமை தாத்தா உள்ளே வந்தார்.

எங்க தாத்தாவைப் பத்தி சொல்லணும். செஞ்சி ரோட்டுல எங்க ஊர். தாத்தா விவசாயம் பண்றவர், கூடவே கூத்து ஆடினவர். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுல பகல்ல பாரதம் படிப்பாங்க, ராத்திரி கூத்து. தாத்தா இருபது வருஷத்துக்கு மேல துச்சாதனன். துகில் கூத்து அன்னைக்கு சேலையைத் தொடுறதுக்கு முன்னாடி, நடுச் சபையில சூடம் கொளுத்தி அம்மனைக் கும்பிட்டுத்தான் தொடுவார். 'தப்பா நெனைக்காதே தாயே, இது வேஷம்'னு வேண்டிக்குவாராம். அப்படிக் கும்பிட்டும் மறுநாள் காலையில பால் ஊத்துற பொம்பளைங்க முகம் குடுத்துப் பேச மாட்டாங்கன்னு ஆயா சொல்வாங்க. இப்போ முட்டி வலி, ஆடுறதில்லை.

கட்டில்ல உக்காந்து லேப்டாப்பைப் பார்த்தார். ஒரு வார்த்தை இங்கிலீஷ் புரியாது. ரெண்டே நிமிஷத்துல கார்னெட்டைக் காட்டி, "இவன் கட்டியக்காரனும் சகுனியும் ஒண்ணா சேர்ந்தவன்டா"ன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. நான் பத்து எபிசோட் பார்த்துப் புரிஞ்சுக்கிட்டதை அவர் சொல்லிட்டார்.

அன்னைக்கு ஓடினது ராக் அண்ட் ரோல் எக்ஸ்பிரஸ், ஹெவன்லி பாடீஸ் மேட்ச். ரிக்கி மார்ட்டன் ஒல்லியான ஆள். ரெண்டு பேரும் மாத்தி மாத்தி அவரைப் போட்டு அடிக்கிறாங்க. மூலையில ராபர்ட் கிப்சன் கையை நீட்டிக்கிட்டு நிக்கிறார். தொட்டா போதும், அவர் உள்ளே வரலாம். மார்ட்டன் தவழ்ந்து தவழ்ந்து போவார், விரல் படப் போகும், காலைப் பிடிச்சு இழுத்துடுவாங்க. திரும்பவும் அடி. தாத்தா கட்டில் நுனிக்கு வந்துட்டார். "குடுடா, கை குடுடா!"

"தாத்தா, இதெல்லாம் முன்னாடியே பேசி வெச்சதுதான்"னேன்.

"எனக்கா சொல்ற?"ன்னு கேட்டார். "பாஞ்சாலி கையைத் தூக்கி கிருஷ்ணனைக் கூப்பிடுவா, சேலை வளரும். ஊர்ல எந்தப் புள்ளைக்குத் தெரியாது? தெரிஞ்சுதானே விடிய விடிய உக்காந்து அழுவுறாங்க. அந்தப் பொண்ணு எவ்ளோ நேரம் கூப்பிடுதுன்றதுதான் கூத்து. அதுக்கு நான் நல்லா கெட்டவனா இருக்கணும். நான் பாதி மனசா இழுத்தா அவ கூப்பிடுறது எவன் காதுல விழும்?"

பக்கத்து வீட்டு அண்ணனுக்குச் சொல்லத் தெரியாத பதில் அது.

கொஞ்ச நேரம் கழிச்சு தாத்தா வேற ஒண்ணு கேட்டார். கார்னெட்டைக் காட்டி, "இந்த ஆளோட வூட்டு ஜனங்க இவன்கூட வெளிய தெருவ வருவாங்களா?"

"தெரியலை, தாத்தா"ன்னேன். சொன்னதும் எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது. ஏன்னு உங்ககிட்ட மட்டும் சொல்றேன்.

நான் திண்டிவனத்துல இங்கிலீஷ் மீடியம் படிச்சவன். எட்டாவதுல எங்க ஊர்த் திருவிழாவுக்கு கிளாஸ் பையன் ஒருத்தன் அவங்க அப்பாவோட வந்திருந்தான். விடியக்காலம். கூத்து முடிஞ்சு, அரிதாரம் பாதி கலைஞ்ச முகத்தோட, டீக்கடை பெஞ்சுல ஒரு ஆள் உக்காந்திருக்கார். "யார்ரா இது?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டான். "தெரியலை"ன்னு சொன்னேன். ரெண்டடி தூரத்துலதான் இருந்தார். கையில டீ கிளாஸ். மெதுவா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டார், எனக்கு வசதியா. வீட்டுக்கு வந்தும் அதைப் பத்தி ஒரு வார்த்தை கேட்கலை.

எட்டு வருஷம் கழிச்சு அன்னைக்குத்தான் வாய் திறந்தேன். "தாத்தா, அந்த டீக்கடையில..."ன்னு ஆரம்பிச்சேன். அவர் லேப்டாப்பை விட்டு கண்ணை எடுக்கலை. "அது அன்னைக்கே முடிஞ்சுதுடா. கை குடுத்தானா இல்லியா, அத்தப் போடு"ன்னார். போட்டேன். மார்ட்டன் கை கிப்சன் கையில பட்டுது. தாத்தா தொடையைத் தட்டினார்.

அவருக்கு முடிஞ்சிருக்கலாம். எனக்கு இன்னும் பாக்கி இருக்கு. இந்த வருஷத் திருவிழாவுக்கு கிளாஸ்ல நாலு பேரைக் கூப்பிட்டிருக்கேன். தாத்தா ஆட மாட்டார், முன் வரிசையில பாய் போட்டு உக்காந்திருப்பார். பக்கத்துல போய், "இவர் எங்க தாத்தா. துச்சாதனன்"னு சொல்லணும். இன்டர்வியூவுல 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்'க்கு மனப்பாடம் பண்ண மாதிரி இதையும் ரெண்டு தடவை பஸ்ல சொல்லிப் பார்த்துட்டேன்.

நீங்களும் வரலாம். போற பஸ் பத்து மணிக்கு மேல கிடையாது, அதைப் பத்திக் கவலைப்படாதீங்க. கூத்து விடிஞ்சுதான் முடியும். முடிவு என்னன்னு உங்களுக்கே தெரியும். அதனால என்ன, வாங்க.