காருக்குள் ஒரு வண்டு

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. 1996 ப்ளஸ் டூ பேட்ச் பிள்ளைகள் மட்டும் தயவுசெய்து கடைசி வரை படித்துவிடுங்கள். உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

என் பத்மினி காரை உங்களில் பலருக்குத் தெரியும். ஸ்டீயரிங்கிலேயே கியர் உள்ள வண்டி. பழைய டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டிருக்கிறேன். போன தீபாவளிக்கு வந்த மகன், போனை ஒயரில் இணைத்துக் கேட்கிற மாதிரி ஒரு ரேடியோ செட் வாங்கி மாட்டிவிட்டான். கூடவே எங்கள் அம்மா பேசிய பழைய கேசட்டைப் போனில் ஏற்றிக் கொடுத்தான். 1989-ல் பேரனுக்குக் கதை சொன்னது, இருபது நிமிஷம். அம்மா குரல் என்று எங்களிடம் இருப்பது அது ஒன்றுதான்.

மதுரையிலிருந்து அக்கா வந்திருந்தாள். எண்பத்திரண்டு வயது, இரண்டு காதிலும் மிஷின். சாஸ்தா கோவிலுக்குப் போகிற வழியில் அதைப் போட்டேன். வண்டி வேகமெடுக்க எடுக்க, 'ஙீ...' என்று ஒரு சத்தம் அம்மா குரலுக்கு மேலே ஏறிக்கொண்டே போனது. அக்கா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். "தம்பி, அம்மா பேசுதாளா, வண்டு பேசுதா?" என்று கேட்டுவிட்டு மிஷினைக் கழற்றிப் பர்சில் போட்டுக்கொண்டாள். வீட்டில் வைத்துக் கேட்டால் என்ன என்பீர்கள். வீட்டில் அக்கா ஐந்து நிமிஷம் ஓரிடத்தில் உட்கார மாட்டாள், அடுக்களைக்குப் போய்விடுவாள். காரில்தான் பிடித்து வைக்க முடியும்.

ரேடியோ போட்டால் வேறு தொல்லை. 'டிக் டிக் டிக்' என்று பட்டாணி வறுக்கிற சத்தம். அதுவும் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கூடும்.

முப்பத்தொரு வருஷம் பிசிக்ஸ் எடுத்தவன் நான். பானெட்டைத் திறக்காமலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்: எல்லாம் ஸ்பார்க் பிளக் செய்கிற வேலை. ஹெர்ட்ஸ் 1887-ல் தீப்பொறியை வைத்துத்தானே மின்காந்த அலையை உண்டாக்கிக் காட்டினார்? பெட்ரோல் வண்டியின் இக்னிஷனும் அந்த ஜாதிதான். பன்னிரண்டு வோல்ட்டைக் காயில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக்கிப் பிளக்கில் பொறியாக விடுகிறது. நாலு சிலிண்டர் இன்ஜின் நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்றினால் வினாடிக்கு நூறு பொறி. பக்கத்திலேயே ஏரியல். கேட்காமல் என்ன செய்யும்?

சந்தோஷமாக ஒரு சப்ரஸர் கண்டென்சர் வாங்கி வந்து காயிலில் நானே மாட்டினேன். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. காயிலில் பேட்டரி பக்கம் மாட்ட வேண்டியதை டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் மாட்டியிருந்தேன். பாயின்ட் திறக்கும்போது காயிலில் ஓடுகிற கரண்ட் சட்டென்று அறுந்தால்தான் உயர் வோல்ட் பிறக்கும். பெரிய கண்டென்சர் குறுக்கே இருந்தால் அது மெதுவாக இறங்கும், பொறி செத்துவிடும். இதை எத்தனை பிள்ளைகளுக்கு இரண்டு மார்க் கேள்வியாகக் கேட்டிருப்பேன்!

அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, பைபாஸ் பக்கம் ஆட்டோ எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் நம் பழைய மாணவன் ஒருவனிடம் போனேன். பேர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டான். என் தீர்ப்பை அவனிடமும் சொன்னேன். "இருங்க சார், கொஞ்சம் கேட்டுக்கிடுதேன்" என்று உள்ளே உட்கார்ந்து இன்ஜினை ஓடவிட்டான். ஸ்பேனரைத் தொடவே இல்லை. ரேடியோ ஓடும்போது ஏரியல் ஒயரைப் பிடுங்கினான். ஸ்டேஷனும் போனது, டிக் டிக்கும் போனது. "இது காத்துல வருது." அடுத்து போனில் அம்மா பேச்சைப் போட்டான். 'ஙீ' கேட்டது. ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிஷம் மட்டும் இன்ஜினை ஓட்டினான். 'ஙீ' இல்லை. அப்படியானால் அது ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது, பிளக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெல்ட்டை மாட்டி மறுபடி ஓட்டி, போன் சார்ஜரை மட்டும் உருவினான். 'ஙீ' நின்றது! "இது ஒயருல வருது சார். ரெண்டும் வேற வேற."

ஆல்டர்னேட்டரில் பிறப்பது ஏசி. டயோடுகள் அதை டிசியாக மாற்றினாலும் சின்ன அலை மிச்சம் இருக்கும். செட்டின் எர்த்தை என் மகன் பெயின்ட் அடித்த பிராக்கெட்டில் முடுக்கியிருக்கிறான். செட் பாடிக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே மீட்டர் 0.3 வோல்ட் காட்டியது. நேர்வழி சரியில்லாததால் கரண்ட் பாட்டு ஒயரின் மேலுறை வழியாகச் சார்ஜருக்குப் போய் அங்கிருந்து திரும்பியிருக்கிறது. அந்தச் சின்ன அலையும் அதே வழியில் ஸ்பீக்கருக்கு வந்துவிட்டது. உப்புத்தாள் போட்டுத் தகரம் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, செட்டுக்கும் சார்ஜர் சாக்கெட்டுக்கும் ஒரே இடத்தில் தடிமனான எர்த் ஒயர் கொடுத்தான். இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே பூஞ்சணம் பிடித்திருந்த எர்த் பட்டையை மாற்றினான். 'ஙீ' அடங்கிவிட்டது. டிக் டிக்குக்கு ரெசிஸ்டன்ஸ் உள்ள பிளக் ஒயர், ரெசிஸ்டர் பிளக். ஏரியல் அடியில் துருவைத் தேய்த்தான். என் கண்டென்சரையும் சரியான பக்கம் மாட்டினான், பாவம் என்று நினைத்திருப்பான். எஃப்எம் இப்போது சுத்தம். மீடியம் வேவில் இன்னும் கொஞ்சம் டிக் டிக் உண்டு. பழைய வண்டியில் அவ்வளவுதான் முடியும்.

இனி 1996 பேட்ச்.

நம் லேபில் ஒரு அம்மீட்டர் எரிந்ததே, ஞாபகம் இருக்கிறதா? சர்க்யூட்டுக்குப் பக்கத்தில் நின்றவனை, ஒரு வார்த்தை கேட்காமல், வெளியே அனுப்பினேன். "நீ கரண்ட் பக்கமே போகாதலே" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அவன்தான் இவன். டீ குடிக்கும்போது நானே அந்தப் பேச்சை எடுத்தேன். சிரித்துவிட்டு, "அத எரிச்சது நான் இல்ல சார். நான் சுவிட்ச அமத்தத்தான் போனேன்" என்றான். யார் என்று கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு சார் இப்ப?" என்று கிளாஸை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான். காசும் பிளக்குக்கும் ஒயருக்கும் மட்டும்தான் வாங்கினான்.

எல்லார் முன்னாலும் சொன்னதை எல்லார் முன்னாலும்தான் திரும்பப் பெற வேண்டும். தப்பு என்னுடையது. அன்றைக்கு வகுப்பில் இருந்த அத்தனை பேரும் இதைப் படித்ததாக ஒரு வரி எழுதுங்கள். எரித்தவர் யாரென்று எனக்குத் தெரிய வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவை மதுரையில் கொண்டுபோய் விட்டேன். கயத்தாறு தாண்டியதும் அம்மாவைப் போட்டேன். அக்கா பர்சிலிருந்து மிஷினை எடுத்து இரண்டு காதிலும் வைத்தாள். கதை பாதியில் நிற்கும், அம்மா யாரையோ "காத்து வருது, சாத்துங்க" என்பாள், பின்னால் 'கிரீச்' என்று ஒரு சத்தம் வரும். அக்கா என் கையைத் தட்டினாள்.

"தம்பி, இது நம்ம பழைய வீட்டுப் புறவாசல் கதவுல்லா?"