பூசை

நுழையும்முன்

வளர்ப்பு விலங்கு என்றதும் துள்ளி விளையாடும் குட்டியையே மனம் நாடுகிறது. வயது முதிர்ந்த, மனிதரைக் கண்டு அஞ்சுகிற, தீராத நோயுடைய உயிரை எளிதில் யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. அத்தகைய பூனையொன்றுக்கு இராயபுரத்தில் ஒரு வீடு கிடைத்த அனுபவத்தை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

மீன் மணக்கும் ஊர்

புனித பேதுருவை இராயப்பர் என்று அழைப்பது தமிழ்க் கிறித்தவ மரபு. அவர் பெயரால் அமைந்ததாகச் சொல்லப்படும் இராயபுரம் வடசென்னையின் பழைய ஊர்களுள் ஒன்று. தென்னிந்தியாவின் முதல் பயணியர் தொடர்வண்டி 1856ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாளில் இங்கிருந்துதான் வாலாஜா சாலைக்குப் புறப்பட்டது. ஆயினும் எங்கள் பகுதியின் நாள்தோறுமான வாழ்வைத் தொடங்கிவைப்பது காசிமேட்டு மீன்பிடித் துறைமுகமே. பொழுது புலருமுன்னரே அங்கே ஏலக்குரல்கள் எழும். வஞ்சிரமும் சங்கராவும் நெத்திலியும் கூடைகூடையாகக் கரையிறங்கும்.

மீன் இறங்கும் இடத்தில் பூனைகளுக்குக் குறைவிருக்காது. குவித்துவைத்த வலைகளின் மேலும், மீன்பெட்டிகளின் இடுக்கிலும், நிறுத்திவைத்த வண்டிகளின் அடியிலும் அவை வாழும். அவற்றுள் அடிபட்டவற்றையும் நோயுற்றவற்றையும் எடுத்துவந்து காப்பாற்றும் இளைஞர் இருவர் எங்கள் தெருவில் இருந்தனர். அவர்களுடைய மொட்டைமாடிக் கொட்டகையே அப்பூனைகளின் தங்குமிடம்.

யாரும் கேளாத பூனை

2022ஆம் ஆண்டில் ஒரு மாலை, குட்டியொன்றைக் கேட்டு நான் அங்கே சென்றேன். குட்டிகள் ஓடிவந்து காலைச் சுற்றின. கொட்டகையின் மூலையில், கவிழ்த்த மீன்பெட்டிக்குப் பின்னால், இரண்டு கண்கள் மட்டும் ஒளிர்ந்தன. ஏறத்தாழ எட்டு வயதுள்ள சாம்பல் நிறப் பெண்பூனை அது. கருத்தடை செய்ததற்கு அடையாளமாக அதன் இடக்காதின் நுனி வெட்டப்பட்டிருந்தது.

“அதை யாரும் கேட்பதில்லை, அக்கா. ஆளைக் கண்டாலே ஒளிந்துகொள்ளும். அதோடு சிறுநீரக நோயும் இருக்கிறது. வாழ்நாள் முழுக்க மருந்து வேண்டும்” என்றார் இளைஞருள் ஒருவர்.

வந்த குட்டிகள் எல்லாம் வீடு கண்டு போய்விட, பதினொரு திங்களாக அது மட்டும் அங்கேயே கிடந்தது. வீட்டிற்கு வந்து அம்மாவிடம் இதைச் சொன்னேன். மருந்துச் செலவையும், எத்தனை நாள் இருக்குமோ என்ற ஐயத்தையும் சேர்த்தே சொன்னேன். இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோயோடும் இரத்த அழுத்தத்தோடும் வாழ்பவர் அம்மா. கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, “எனக்குந்தான் தீராத நோய். என்னை எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிட்டாயா? போய் அழைத்துக்கொண்டு வா” என்றார்.

அச்சம் கரையும் காலம்

வந்த அன்றே அது கட்டிலின் அடியில் புகுந்துகொண்டது. அடுத்த மூன்று வாரங்கள் பகலில் அதன் முகத்தை நாங்கள் பார்க்கவே இல்லை. நாங்கள் உறங்கியபின் வந்து உண்டது, விடியுமுன் மறைந்தது. கடற்கரைச் சாலையில் துறைமுகத்திற்குச் செல்லும் கண்டெய்னர் லாரி ஒன்று ஒலி எழுப்பினால், அன்றிரவு உணவுத் தட்டு தொடப்படாமலே இருக்கும்.

அஞ்சும் உயிரைக் கையால் இழுத்து வெளியே கொணர்தல் கூடாது என்று இளைஞர்கள் அறிவுறுத்தியிருந்தனர். பூனை வேட்டையாடும் விலங்கு. அதே வேளையில் தன்னினும் பெரிய விலங்குகளுக்கு இரையாகும் சிற்றுயிரும்கூட. எனவே ஒளிந்துகொள்ள ஓர் இடம் இருந்தால்தான் அதற்கு மனம் அமைதியடையும். ஆகவே கட்டிலின் அடியிலேயே பழைய புடவையை விரித்து, அந்த இடத்தை அதற்கே விட்டுவிட்டோம். நாள்தோறும் மாலையில் அம்மா தரையில் அமர்ந்து, அதைப் பாராமலே, அரிசியில் கல் பொறுக்கியபடி தணிந்த குரலில் ஏதேனும் பேசிக்கொண்டிருப்பார். ஒரு திங்கள் கழிந்தபின் கட்டிலின் விளிம்பில் ஒரு முன்னங்கால் தெரிந்தது. அடுத்த வாரம் அதன் தலையும் வெளியே வந்தது.

பாற்கடல் குடிக்க வந்த பூனை

அதற்குப் பெயர் வைத்தது அதன் நோய்தான். கிண்ணத்தில் ஊற்றிய நீரையெல்லாம் அது குடித்துத் தீர்த்தது. கம்பர் தம் இராம காதையின் அவையடக்கத்தில், பாற்கடலை நக்கிக் குடித்துவிட முனைந்த பூனைக்குத் தம்மை ஒப்பிடுகிறார். அங்கே பூனைக்கு அவர் ஆளும் சொல் ‘பூசை’. இரவெல்லாம் கிண்ணத்தோடு போராடிய எங்கள் பூனைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை. “பூசை சாப்பிட்டதா?” என்று அம்மா கேட்பது அண்டை வீட்டாருக்கு நெடுநாள் விளங்காமலிருந்தது.

1903ஆம் ஆண்டு தொடங்கப்பெற்று, இப்போது வேப்பேரியில் இயங்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு அதைக் கொண்டு சென்றோம். அங்கிருந்த மருத்துவர் அந்தத் தாகத்தின் காரணத்தை விளக்கினார். வீட்டுப் பூனையின் முன்னோடி வறண்ட நிலத்தில் வாழ்ந்த ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. அதன் வழிவந்த பூனையின் சிறுநீரகம், உடலின் நீரை வீணாக்காமல் சிறுநீரைச் செறிவாக்கும் ஆற்றல் மிக்கது. நோயினால் அந்த ஆற்றல் குன்றும்போது நீர் மிகுதியாக வெளியேறுகிறது. இழந்ததை ஈடுசெய்யப் பூனை ஓயாமல் நீர் அருந்துகிறது. சிறுநீரகச் செயல்திறனின் பெரும்பகுதி போனபிறகே நோயின் அறிகுறிகள் வெளியே தெரியும். நோயை மறைத்துக்கொள்வது பூனையின் இயல்பு.

“அழிந்த சிறுநீரகப் பகுதி மீண்டும் வளராது. எஞ்சியிருப்பதற்குச் சுமை கூடாமல் பார்த்துக்கொண்டால் நன்றாகவே வாழும்” என்றார் மருத்துவர்.

சுமையைக் குறைக்க மூன்று வழிகளை அவர் சொன்னார். பாஸ்பரசும் உப்பும் குறைந்த உணவைத் தருதல் முதலாவது. காசிமேட்டில் பிறந்த பூனைக்குக் கருவாடு கூடாதென்று ஆயிற்று! நாள்தோறும் மாத்திரை தருதல் இரண்டாவது. ஒருநாள் விட்டு ஒருநாள், மருந்துநீரைத் தோலின் அடியில் செலுத்துதல் மூன்றாவது. தோள்களுக்கு இடையே தளர்ந்த தோலைக் கூடாரம்போல் தூக்கி, அதன் அடியில் ஊசியைச் செலுத்த வேண்டும். செலுத்திய நீர் அங்கே சிறு மேடாகத் தங்கி, சில மணி நேரத்தில் உடலில் கலந்துவிடும்.

மழைநாளில் ஒரு மடி

தொட்டாலே பதுங்கும் உயிருக்கு ஊசி போடுவது எங்ஙனம்? மருந்துநீர்ப் புட்டியை வெந்நீரில் வைத்துக் கை பொறுக்கும் சூட்டிற்குக் கொண்டுவரக் கற்றோம். எப்போதும் ஒரே நேரம், ஒரே பாய், முடிந்ததும் ஒரு துண்டு வேகவைத்த கோழி என்று ஒழுங்கு அமைத்தோம். அடுத்து நிகழப்போவது இன்னதென்று தெரிந்தால் அச்சம் குறைகிறது. பூசையும் மெல்ல அந்தப் பாய்க்குப் பழகிற்று. எனினும் மடியில் மட்டும் அது ஒருபோதும் ஏறியதில்லை.

2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 3, 4 ஆகிய நாள்களில் மிக்ஜாம் புயல் சென்னையை மழையில் மூழ்கடித்தது. எங்கள் தெருவில் முழங்கால் அளவு வெள்ளம் நின்றது, மின்சாரம் இல்லை. கட்டிலின் அடிவரை நீர் வந்தபோது பூசையைக் கூடையில் ஏந்தி, மாடியில் குடியிருந்தோர் வீட்டிற்குச் சென்றோம். புதிய இடமும் புதிய மனிதர்களும் இரைச்சலும் அதை நடுங்கவைத்தன. உணவை அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. உண்ணாத பூனைக்கு மருந்துநீரும் தவறினால் அதன் நிலை என்னாகுமென்று எனக்குத் தெரியும். கையிருப்பில் ஒரே ஒரு புட்டி இருந்தது.

கைப்பேசியின் வெளிச்சத்தில் ஊசியை எடுத்தேன். விரிக்கப் பாய் இல்லை. அம்மா காலை நீட்டி அமர்ந்து, கூடையைத் தம் பக்கம் சாய்த்து, அரிசி பொறுக்கும் மாலைகளில் பேசும் அதே தணிந்த குரலில் பேசத் தொடங்கினார். பூசை கூடையிலிருந்து வெளியே வந்தது, சுற்றிலும் பார்த்தது, பிறகு அம்மாவின் மடியில் ஏறி முகத்தைப் புடவைக்குள் புதைத்துக்கொண்டது. புட்டியில் நீர்மட்டம் இறங்கும்வரை அது அசையவே இல்லை. அன்று நள்ளிரவில் அது உணவு உண்ணும் ஓசை கேட்டு விழித்த நான், மறுபடி உறங்க நெடுநேரமாயிற்று.

இரண்டு பெட்டிகள்

வெள்ளம் வடிந்து வீடு திரும்பியதும் பூசை மீண்டும் கட்டிலின் அடிக்கே சென்றது. மடியில் ஏறியது அந்த ஒரு நாள் மட்டுமே. இப்போது மாலைநேரங்களில் அம்மாவிடமிருந்து ஒரு முழத் தொலைவில் வந்து அமர்கிறது. அதற்கு மேல் நெருங்குவதில்லை. அந்த ஒரு முழத்தை நாங்களும் கடப்பதில்லை.

“செலவழித்துப் பார்க்கிறீர்கள், கொஞ்சவும் விடவில்லையே, என்ன பயன்?” என்று உறவினர் கேட்பதுண்டு. கொஞ்ச விடுவது அதன் கடமை என்று நாங்கள் எண்ணியதில்லை. பூசைக்கு நோய் தீரவில்லை; தீரப்போவதும் இல்லை. ஆனால் அது பசித்து உண்கிறது; வெயில் விழும் சன்னலில் கண்மூடிக் கிடக்கிறது; கரப்பான்பூச்சியைத் துரத்துகிறது. நோயின் பெயரைக் கேட்டவுடனே இவற்றையெல்லாம் இல்லையென்று முடிவுகட்டிவிட நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

எங்கள் சமையலறை அலமாரியில் இரண்டு மாத்திரைப் பெட்டிகள் இருக்கின்றன. ஒன்று அம்மாவுடையது, மற்றொன்று பூசையுடையது. இரண்டிலும் இரத்த அழுத்த மாத்திரை உண்டு. காலையில் அம்மா முதலில் பூசையின் பெட்டியைத் திறக்கிறார். “அது சாப்பிடட்டும், பிறகு நான்” என்கிறார்.

தெரிந்து தெளிவோம்

• பூனை, வெருகு, பூசை என்பன ஒரே இனத்தைக் குறிக்கத் தமிழில் வழங்கிய பெயர்கள். வெருகின் இளமைப் பெயராகக் ‘குட்டி’ என்பதைத் தொல்காப்பிய மரபியல் குறிப்பிடுகிறது.

• மனிதர் காய்ச்சலுக்கு உண்ணும் பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சாகும். லில்லி மலர்ச்செடி பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். மருத்துவர் அறிவுரையின்றிப் பூனைக்கு எம்மருந்தும் தரலாகாது.

கற்பவை கற்றபின்…

1. “எனக்குந்தான் தீராத நோய்” என்னும் அம்மாவின் கூற்று உணர்த்தும் கருத்தை வகுப்பில் கலந்துரையாடுக.

2. நும் பகுதியில் கைவிடப்பட்ட விலங்குகளைப் பேணுவோரைச் சந்தித்து, அவர்தம் பணி குறித்து ஒரு பக்க அளவில் எழுதுக.