'ஒருவேளை' போட மறக்காதீர்கள்

சுங்கைப் பட்டாணியிலிருந்து மெர்போக் பக்கந்தான். பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனால் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "இந்தக் கோயிலை ராஜேந்திர சோழனா கட்டினான்?"

1025 வாக்கில் சோழர் படை கடாரத்தை, அதாவது இன்றைய கெடாவை, வென்றதைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டே சொல்கிறது. அதில் 'ஒருவேளை'க்கு இடமில்லை. ஆனால் புக்கிட் பத்து பகாட்டில் எஞ்சியிருக்கும், பிள்ளைகள் கேட்கும் அந்தக் கோயிலின் கருங்கல் அடித்தளம்? கட்டியவர் பெயர் சொல்லும் கல்வெட்டு கிடைக்கவில்லையே. அங்கே 'ஒருவேளை' கட்டாயம் வேண்டும். அதைப் போட்டால் வினையும் இறங்கி வரணும்: 'ஒருவேளை சோழர் கட்டியிருக்கலாம்'. 'ஒருவேளை கட்டினார்கள்' என்றால் வாக்கியம் நொண்டும்.

சங்க நூலான பட்டினப்பாலை சொல்லும் காழகத்தைக் கடாரம் என்றார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். ஒருவேளை காழகம் நம்ம கெடாவாகவே இருக்கலாம், எனக்கும் ஆசைதான். புலனத்தில் கடாரச் செய்தியைப் பகிருமுன் அந்த ஒரு சொல்லைச் சேர்த்துவிடுங்கள். நம் பிள்ளைகள் அதைத்தான் வரலாறு என்று படிக்கிறார்கள்.