நிழலில் நடந்தேன்

2024 பிப்ரவரியில் எங்கள் இரண்டாம் ஆண்டுத் தாவரவியல் வகுப்பினர் குன்னூர் சிம்ஸ் பூங்காவிற்குக் கல்விச் சுற்றுலா சென்றிருந்தோம். 1874-இல் உருவான பூங்கா. மலைச்சரிவின் போக்கிலேயே பாதை வளைந்து இறங்குகிறது.

நண்பர்கள் குளத்தை நோக்கி விரைந்தனர், நான் பின்தங்கினேன். உச்சிவேளையிலும் பாதையில் வெயில் விழவில்லை. விரைந்து நடக்க ஒரு காரணமும் இல்லை என்பது சற்றுக் கழித்தே உறைத்தது. எங்கள் வீட்டில் யாரும் சும்மா நடந்ததில்லை. அம்மா நடந்தால் தலையில் விறகோ புல்லுக்கட்டோ இருக்கும். நிழல் என்றால் கஞ்சி குடிக்கும் நேரம், அவ்வளவுதான். இந்தச் சுற்றுலாவுக்காக ஒரு வெள்ளாட்டுக்குட்டியை விற்றார்கள். அது நினைவுக்கு வந்ததும் கால்கள் தயங்கின.

ருத்திராட்ச மரத்தடியில் சருகு கூட்டிக்கொண்டிருந்த அம்மாள், "ஏன் தம்பி, வழி தப்பிட்டியா?" என்றார்.

"இல்லீங்கம்மா, சும்மா நடக்கிறேன்." சொல்லும்போதே கூச்சமாயிருந்தது.

"நட, நட. நிழலுக்கு என்ன காசா?"

நுழைவுச் சீட்டு வாங்கியதை நான் சொல்லவில்லை. குளம் வரை மெதுவாகவே நடந்தேன்.

பேராசிரியரிடம் கேட்டுக்கொண்டு, உதிர்ந்து கிடந்த கொட்டை ஒன்றை எடுத்து வந்தேன். செய்முறை ஏட்டில் 'எலியோகார்ப்பஸ்' என்று எழுதியிருக்கிறேன். கொட்டை அம்மாவின் சுருக்குப்பையில் இருக்கிறது.