லைலா இல்லாத மேடை

நாம் இசைத்தட்டொன்றைக் கேட்டுக்கொண்டிருந்த மாலைப்பொழுதில் நண்பர் ஒருவர் வந்தார். சிறிது நேரம் செவிமடுத்தவர், “பிறன்மனையை விரும்பியவன் பாட்டு உங்களுக்கு எதற்கு?” என்று கேட்டார். அன்று நகைத்து மழுப்பினோம். அவ்வினாவோ நம்மை விட்டபாடில்லை.

நண்பர் சுட்டியது ‘டெரக் அண்ட் த டாமினோஸ்’ குழுவினரின் ‘லைலா’ பாடலை. எரிக் கிளாப்டன் என்னும் ஆங்கிலேயக் கிதார் கலைஞர், புகழ்பெற்ற தம் பெயரை ஒளித்துக்கொண்டு 1970-இல் கூட்டிய நால்வர் குழு அது. அவர் உள்ளத்தை அன்று அலைக்கழித்தவர் பேட்டி பாய்ட். உற்ற நண்பரும் பீட்டில்ஸ் கலைஞருமான ஜார்ஜ் ஹாரிசனின் மனைவி. அதே ஆண்டில் ஹாரிசனின் இசைத்தட்டுக்கு வாசித்துக் கொடுத்தவர்களும் இவர்களே என்பதை எண்ணும்போது நெஞ்சு சற்றே கூசுகிறது. 12-ஆம் நூற்றாண்டுப் பாரசீகக் கவிஞர் நிஸாமியின் லைலா - மஜ்னூன் கதையிலிருந்து பெயரைக் கடன் வாங்கி, சொல்லக் கூடாததைக் கிளாப்டன் பாட்டாக்கினார். நம் முன்னோர் கைக்கிளை என்றும் பெருந்திணை என்றும் ஒதுக்கிவைத்த காதல்! ஒதுக்கினரேயன்றி, அப்படியொன்று இல்லையென்று சாதித்தாரில்லை.

மயாமி நகரின் கிரைட்டீரியா ஒலிப்பதிவுக்கூடத்தில் அந்த இரட்டை இசைத்தட்டு உருவாயிற்று. இடையில் வந்து சேர்ந்தவர் டுவேன் ஆல்மன். மருந்துக் குப்பியொன்றை விரலில் செருகித் தந்திகளின்மேல் வழுக்கிச் செல்வார். கம்பி மனிதக் குரலில் அரற்றும். நவம்பரில் தட்டு வெளிவந்தபோது இங்கிலாந்தில் அதனைப் பொருட்படுத்தியவர் சிலரே.

எனினும் நாம் பெரிதும் நாடுவது மேடைப் பதிவுகளையே. 1970 அக்டோபர் 23, 24 நாள்களில் நியூயார்க்கின் பில்மோர் ஈஸ்ட் அரங்கில் பதிவாகி, குழு சிதைந்தபின் 1973-இல் ‘இன் கான்சர்ட்’ என வெளிவந்தவை அவை. ஆல்மன் அங்கில்லை, ஒரே கிதார். தாங்குவாரின்றித் தனித்து நிற்கும் அது சுற்றி வளைக்கிறது, சிலவிடத்து அலுப்பும் தட்டுகிறது, மறைப்பானேன்? அத்தட்டில் ‘லைலா’வும் இல்லை. மாறாக, பிரெடி கிங் பாடிப் புகழ்பெற்ற பழைய புளூஸ் பாட்டொன்று: நண்பன் மனைவிமீது காதல்கொண்டவனின் புலம்பல். பாரசீகக் கதைத்திரை ஏதுமின்றி, ஊரறியக் கூறும் ஒப்புதல்போல் அது நம் காதில் விழுகிறது. இறைத்திருமுன் அடைக்கலம் கண்டதைக் கூறும் ‘பிரசன்ஸ் ஆப் த லார்ட்’ பாடலும் அதே தட்டில் உண்டு. இவற்றுள் எது மெய் என்பார்க்கு, இரண்டும் மெய் என்றே கூறத் தோன்றுகிறது.

விரும்பியவரைக் கிளாப்டன் 1979-இல் மணந்தார். பத்தாண்டளவில் அம்மணமும் முறிந்தது. ஆல்மன் 1971-இலேயே மோட்டார் சைக்கிள் விபத்தில் மாண்டார், 24 வயதில்.

யாவரினும் நம்மை வருத்துபவர் முரசறைந்த ஜிம் கார்டன். ‘லைலா’வின் பிற்பகுதியில், கதறல் ஓய்ந்தபின் அமைதியாக எழும் பியானோ இசை அவர் பெயரால் குறிக்கப்பட்டது. மனநோய் முற்றிய நிலையில் 1983-இல் அவர் தம் தாயைக் கொன்றார். 2023-இல் சிறைக்காவலிலேயே மறைந்தார். இதனை அறிந்தபின் சில மாதங்கள் அத்தட்டை நாம் தொடவில்லை.

நண்பர் மீண்டும் வந்தார். பில்மோரில் 17 நிமிடத்திற்கும் மேலாக நீளும் ‘லெட் இட் ரெய்ன்’ ஓடிக்கொண்டிருந்தது. முரசு தனித்து ஒலித்த வேளையில் அந்தத் தாயைப் பற்றிக் கூறினோம். நண்பர் ஏதும் பேசவில்லை. நிறுத்தட்டுமா என்று கேட்டோம், “முடியட்டும்” என்றார்.