நடுத் தாளை எடுத்துவிட்டால்

மக்கள்தொகை வரலாற்றை நிலப்படம் வைத்து நடத்த நான் எப்போதும் எடுப்பது பழைய சேலம், தஞ்சாவூர் மாவட்டங்களைத்தான். 1871 கணக்கெடுப்பில் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே தொகை, சுமார் 19.7 லட்சம். பத்தாயிரம் பேருக்கு ஒரு புள்ளி என்றால் மாவட்டத்துக்கு 197 புள்ளி.

இன்றைய மாவட்டப் படத்தை இதற்குக் கொடுக்கக் கூடாது. அன்றைய சேலத்தில் நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அடக்கம். பழைய எல்லையைப் பிள்ளைகளே வரைந்து பென்சிலால் புள்ளி வைக்க வேண்டும். சேலம் பரப்பில் தஞ்சையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. அங்கே புள்ளிகள் கலைந்து கிடக்கும், இங்கே நெருக்கியடிக்கும். அடர்த்தி என்பதற்குத் தனியாக விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து அதன்மேல் டிரேசிங் தாள் வைத்து 1871 புள்ளிகளை அப்படியே நகலெடுக்கச் சொல்வேன். பிறகு அதை 1881ஆக மாற்ற வேண்டும். தஞ்சையில் 16 புள்ளி கூடும். சேலத்தில் 37 புள்ளியை ரப்பரால் அழிக்க வேண்டும். எதை அழிப்பது என்று உடனே தகராறு வரும். அப்போது ஒன்றைச் சொல்லிவிடுவேன்: 37 என்பது சாவுக் கணக்கு அல்ல. பிறந்தவர், இறந்தவர், வந்தவர், போனவர் எல்லோரையும் கூட்டிக் கழித்த மிச்சம் அது. பட்டினியில் போனவரையும் காலராவில் போனவரையும் பிழைக்க ஊர்விட்டுப் போனவரையும் புள்ளி பிரித்துக் காட்டாது.

காரணத்தை நானாகச் சொல்வதில்லை. ஆறும் பாசனமும் வரைந்த தாளை மேலே வைப்பேன். “சார், காவிரி சேலத்து ஓரமாத்தானே போகுது?” என்று யாராவது கேட்பார்கள். நல்ல கேள்வி. நாமக்கல் பக்கத்து வாய்க்கால்களை விட்டால் சேலத்தில் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. மேட்டூர் அணை முடிந்ததே 1934இல்தான். தஞ்சைக்கோ கல்லணை இருந்தது. 1836இல் முக்கொம்பில் மேலணையும் வந்துவிட்டது. 1876இல் மழை பொய்த்துத் தாது வருஷப் பஞ்சம் வந்தபோது இரு மாவட்டங்களின் கதியும் இங்கேதான் பிரிந்தது.

கடைசித் தாள் 1891. சேலம் 19.6 லட்சம், 196 புள்ளி. இப்போது நடுவிலிருக்கும் 1881 தாளை உருவிவிடுவேன். இருபது ஆண்டில் சேலத்தில் ஒரே ஒரு புள்ளிதான் குறைந்திருக்கும். பஞ்சமே நடக்காத மாவட்டம் போலத் தெரியும். இரண்டு படத்திலும் எண் சரி, எல்லை சரி, ஒரு பொய்யும் இல்லை.

எந்த நிறத்தில் தீட்டுவது, எந்த அளவுகோல் வைப்பது என்பதெல்லாம் அப்புறம். எந்த ஆண்டுகளை எடுக்கிறோம் என்பதிலேயே படம் பாதி பேசி முடித்துவிடுகிறது. இதற்குப் பிறகு பாடநூலில் ‘அன்றும் இன்றும்’ என்று இரண்டு படம் பக்கத்தில் பக்கத்தில் வந்தால், இடையில் எந்தக் கணக்கெடுப்பு விடுபட்டிருக்கிறது என்று பிள்ளைகள் கேட்க வேண்டும். என் தேர்வில் அதற்கும் மதிப்பெண் உண்டு.