மறுக்கப்பட்ட சந்திப்பு

தேர்தல் நெருங்கும்போதெல்லாம் பங்கு மக்களில் யாரேனும் வந்து, “சாமி, நாங்கள் யாருக்கு வாக்களிக்க வேண்டும்?” என்று கேட்பதுண்டு. அவ்வேளைகளில் என் நினைவுக்கு வருபவர் இத்தாலியின் அல்சிதே தே காஸ்பெரி.

1881-இல் திரெந்தோ மலைநாட்டில் பிறந்தவர். அந்நாளில் அப்பகுதி ஆஸ்திரியப் பேரரசின் கீழ் இருந்தமையால், 1911-இல் அவர் முதன்முதலாக அமர்ந்தது வியன்னா நாடாளுமன்றத்தில். முதல் உலகப் போருக்குப்பின் எல்லை மாறியது. 1921-இல் உரோமை நாடாளுமன்றத்தில் உறுப்பினரானார். அருள்தந்தை லூயிஜி ஸ்துர்சோ நிறுவிய மக்கள் கட்சியின் தலைமை 1924-இல் அவரிடம் வந்தது. அதுவோ முசோலினியின் காலம். 1926-இல் கட்சி கலைக்கப்பட்டது. 1927-இல் அவர் சிறைப்பட்டார். விடுதலையான பின், 1929-இல் வத்திக்கான் நூலகம் அவருக்கு வேலை தந்தது. கட்சித் தலைவராயிருந்தவர் ஏறக்குறைய பதினான்கு ஆண்டுகள் அங்கே நூற்பட்டியல் எழுதினார். அந்த மௌன ஆண்டுகளே அவரை உருவாக்கின என்று எனக்குத் தோன்றுகிறது.

பின்னர் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியை வழிநடத்தி, 1945 முதல் 1953 வரை தலைமை அமைச்சராயிருந்தார். 1948 தேர்தலில் கீழவையின் 574 இடங்களில் 305 அவர் கட்சிக்குக் கிடைத்தன. தனித்தே ஆண்டிருக்கலாம், ஆயினும் சமயச் சார்பற்ற சிறு கட்சிகளையும் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார்.

1952-இல் உரோமை மாநகராட்சித் தேர்தல் வந்தது. பொதுவுடைமைக் கட்சியினர் திருநகரைக் கைப்பற்றுவார்களோ என்று வத்திக்கான் அஞ்சியது. கிழக்கு ஐரோப்பாவில் ஆயர்கள் சிறையிலிருந்த நாள்கள் அவை. அந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாடலாகாது. புதிய பாசிசவாதிகளையும் மன்னராட்சிக் கட்சியினரையும் சேர்த்து ஓரணி அமைக்க வேண்டும் என்பது திருத்தந்தை 12-ஆம் பத்திநாதரின் விருப்பம். அதற்குத் தலைமையேற்க, முதுமையடைந்திருந்த ஸ்துர்சோவே அழைக்கப்பட்டார். பாசிசத்தின் சிறையை அறிந்திருந்த தே காஸ்பெரி இணங்கவில்லை. முயற்சி கைவிடப்பட்டது, தேர்தலில் அவர் கட்சியும் நடுநிலைத் தோழமைக் கட்சிகளும் உரோமையைத் தக்கவைத்துக்கொண்டன.

அதே ஆண்டு ஜூன் மாதம் அவருடைய திருமணத்தின் முப்பதாம் ஆண்டு நிறைவு. மகள் லூசியா துறவற வார்த்தைப்பாடு கொடுக்கும் வேளையும் அது. குடும்பத்தோடு திருத்தந்தையைச் சந்தித்து ஆசி பெற விரும்பினார். அனுமதி மறுக்கப்பட்டது. வத்திக்கானுக்கான இத்தாலியத் தூதருக்கு அவர் எழுதிய மடலின் சாரம் இது: கிறிஸ்தவன் என்ற முறையில் இத்தாழ்வை ஏற்கிறேன், தலைமை அமைச்சர் என்ற முறையில், என் பதவியின் மாண்பை முன்னிட்டு, விளக்கம் கேட்கிறேன்.

ஒரே மனிதர், ஒரே மடல். மண்டியிடவும் தெரிந்தது, நிமிர்ந்து நிற்கவும் தெரிந்தது. உலகியல் காரியங்களில் பொதுநிலையினருக்குத் தனிப் பொறுப்பு உண்டு என்றும், ஒவ்வொரு சிக்கலுக்கும் தங்கள் மேய்ப்பர்களிடம் ஆயத்தமான தீர்வு இருக்குமென எண்ணலாகாது என்றும் ‘இன்றைய உலகில் திருச்சபை’ ஏடு கூறியது 1965-இல்தான். குருமாணவனாய் அப்பகுதியைப் படித்தபோது அதன் விலை எனக்கு விளங்கவில்லை.

1954 ஆகஸ்ட் 19-இல் தே காஸ்பெரி இறந்தார். உரோமையின் புனித லாரன்ஸ் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். இத்தாலியக் கத்தோலிக்கர் நாடாளுமன்றத் தேர்தலில் பங்கெடுப்பது தகாது என்ற தடை எந்தத் திருத்தந்தையின் காலத்தில் பிறந்ததோ, அந்த 9-ஆம் பத்திநாதரின் கல்லறையும் அதே ஆலயத்தில்தான் உள்ளது.